சமர்த்தும் சமத்தும்

சமர்த்து என்றால் திறமை. சாமர்த்தியம் என்ற சொல்லுக்கு அது நெருங்கிய உறவு. பேச்சில் அது சமத்து என்று தேய்ந்தது. தேயும்போது பொருளும் சேர்ந்து தேய்ந்துவிட்டது. இன்று ஒரு சிறுமியைச் சமத்து என்று சொன்னால் அவள் திறமைசாலி என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை. சொன்ன இடத்தில் உட்காருவாள், குறுக்கே பேசமாட்டாள், தண்ணீர் வேண்டும் என்றுகூடத் தொந்தரவு செய்யமாட்டாள் என்றுதான் அர்த்தம். ஆண் குழந்தைகளிடமும் "சமத்தா இரு" என்று சொல்கிறோம், உண்மைதான். அவர்களுக்கு அது விருந்தாளிகள் கிளம்பும்வரை. பெண் குழந்தைகளுக்கு அதற்குக் கெடு தேதி கிடையாது.

பழமொழியிலும் இதே பாகுபாடுதான். நாலு வயதில் பேருந்துப் பலகைகளை எல்லாம் படித்துக்கொண்டு வரும் பையனைப் பார்த்து "விளையும் பயிர் முளையிலே தெரியும்" என்கிறது ஊர். அதையே அவன் தங்கை செய்தால் முதல் நாள் கைதட்டுகிறது. மறுநாள் அவள் பெரியவர் ஒருவரின் பேச்சில் இருக்கும் தப்பைச் சுட்டிக்காட்டினால் "பிஞ்சிலே பழுத்தது" என்கிறது. அவனுக்கு அது எதிர்காலத்தின் அறிகுறி. அவளுக்கு அது கெட்டுப்போவதன் அறிகுறி. அதிகப்பிரசங்கி, வாயாடி, வயசுக்கு மீறின பேச்சு என்று கேள்வி கேட்கும் சிறுமிக்கு நம்மிடம் எத்தனை பெயர்கள் தயாராக இருக்கின்றன!

அப்படிப்பட்ட ஒரு சிறுமியை எந்த வகுப்பில் உட்கார வைப்பது என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. இது வசதியுள்ள அம்மாக்களின் கவலை, பெண்ணியத்துக்கு இதில் என்ன வேலை என்று தோழிகளே கேட்டிருக்கிறார்கள். நிறைய வேலை இருக்கிறது. ஒரு பெண் குழந்தை தன் அறிவை மறைத்துக்கொள்ளப் பழகும் இடம் தொடக்கப் பள்ளி. அவளுக்காகப் பேசப் போகிற தாய் பேராசைக்காரி என்று பெயர் வாங்கும் இடமும் அதே தொடக்கப் பள்ளி. மகளைச் சமத்தாக இரு என்று சொல்லும் அதே வாய்தான் தாயையும் சமத்தாக இருக்கச் சொல்கிறது.

என் மகள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தபோது மூன்றாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலைத் தானாகப் படித்துக்கொண்டிருந்தாள். கழித்தலில் பக்கத்து எண்ணிடம் ஏன் கடன் வாங்க வேண்டும் என்று கேட்டாள். பூஜ்யத்துக்குக் கீழே எண் உண்டா என்றும் கேட்டாள். வகுப்பில் அவளுக்குக் கிடைத்தது எழுத்துகளைப் பக்கம் பக்கமாக எழுதும் வேலை. பத்து நிமிடத்தில் முடித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஆசிரியைக்கு அவளை மிகவும் பிடித்துப் போனது. மீதி நேரத்தில் நோட்டுகளை அடுக்க, அழுகிற பிள்ளையைத் தேற்ற, எழுத வராதவர்களின் கையைப் பிடித்து எழுத வைக்க அவளைப் பயன்படுத்திக்கொண்டார். முதல் பருவ அறிக்கையில் "மிகவும் பொறுப்பான குழந்தை" என்று எழுதியிருந்தது. அவள் அந்தப் பருவத்தில் புதிதாக என்ன கற்றாள் என்பதற்கு அந்த அறிக்கையில் ஒரு வரிகூட இல்லை.

பிறருக்கு உதவுவது நல்ல பழக்கம். எல்லாக் குழந்தைகளும் அதைக் கற்க வேண்டும். நான் எதிர்ப்பது அதை அல்ல. வேலையைச் சீக்கிரம் முடித்த பையன் பெஞ்ச் மேல் ஏறுவான், பக்கத்துப் பையனைச் சீண்டுவான். அவனைச் சமாளிப்பதற்காகவாவது யாராவது இன்னும் கடினமான ஒரு கணக்கைக் கையில் கொடுப்பார்கள். வேலையைச் சீக்கிரம் முடித்த பெண் குழந்தைக்கோ இன்னொருவருடைய வேலை கிடைக்கும். பெண்ணின் நேரம் மிச்சமானால் அது பிறருக்குச் சொந்தம் என்ற ஏற்பாட்டை நாம் சமையலறையில் வைத்தே பேசிவந்திருக்கிறோம். ஆறு வயதுப் பிள்ளை நோட்டு அடுக்கும் இடத்திலேயே அதற்கான பயிற்சி தொடங்கிவிடுகிறது.

அந்த வயதில் வேறொன்றும் நடக்கிறது. 2017இல் லின் பியான், சாரா ஜேன் லெஸ்லி, ஆந்த்ரே சிம்பியன் ஆகிய மூவர் 'சயின்ஸ்' ஆய்விதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அமெரிக்கக் குழந்தைகளிடம் நடத்தப்பட்டது. மிக மிகப் புத்திசாலியான ஒருவரின் கதையைச் சொல்லி, அது யாராக இருக்கும் என்று ஆண், பெண் படங்களைக் காட்டிக் கேட்டார்கள். ஐந்து வயதில் ஆண் குழந்தைகள் ஆணையும், பெண் குழந்தைகள் பெண்ணையும் கிட்டத்தட்ட ஒரே அளவில் காட்டினார்கள். ஆறு, ஏழு வயதில் பெண் குழந்தைகள் தங்கள் பாலினத்தைக் காட்டுவது குறைந்துவிட்டது. பள்ளியில் நல்ல மதிப்பெண் யார் வாங்குவார்கள் என்று கேட்டபோது மட்டும் அந்தத் தயக்கம் இல்லை. மிகப் புத்திசாலிகளுக்கான விளையாட்டு என்று சொல்லிக் கொடுத்த விளையாட்டில் ஆறு, ஏழு வயதுச் சிறுமிகள் ஆர்வம் காட்டாமல் ஒதுங்கினார்கள்.

அந்த ஆய்வு வேறு நாட்டில் நடந்தது. ஆனால் அதன் முடிவு நம் ஊர்ப் பேச்சில் அப்படியே இருக்கிறது. அவன் "மூளைக்காரன்." அவள் "நல்லாப் படிக்கிற பொண்ணு." அவனுக்கு மூளை இருக்கிறது, படிக்காவிட்டாலும் இருக்கிறது. அவளுக்கு உழைப்பு இருக்கிறது, நிறுத்தினால் ஒன்றும் இல்லை. ஒன்றாம் வகுப்பில் ஒரு சிறுமியைக் காத்திருக்க வைப்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. "ஒரு வருஷம்தானே, என்ன குடிமுழுகிப் போகும்?" என்கிறார்கள். ஆறிலிருந்து ஏழுக்குப் போகும் அந்த ஒரு வருடத்தில்தான் தான் யார் என்பதை அவள் முடிவுசெய்துகொள்கிறாள்.

நான் பள்ளியில் கேட்டது டபுள் புரமோஷன்கூட இல்லை. தமிழுக்கும் கணக்குக்கும் மட்டும் அவளை மூன்றாம் வகுப்பு அறையில் உட்கார வையுங்கள், மற்ற நேரமெல்லாம் தன் வயதுப் பிள்ளைகளோடு இருக்கட்டும் என்றுதான் எழுதிக் கொடுத்தேன். அவள் படித்த புத்தகங்களின் பட்டியல், அவள் போட்ட கணக்குகள், தேதி வாரியாக அவள் கேட்ட கேள்விகள் எல்லாம் அதனுடன் இணைத்திருந்தேன். ஐந்து முறை போனேன். எனக்குக் கிடைத்த பதில்கள் இவை.

"குழந்தையக் குழந்தையா இருக்க விடுங்கம்மா."

"வீட்ல நீங்க ரொம்பத் திணிக்கிறீங்க போலிருக்கு."

"இன்னைக்கு உங்களுக்குச் செஞ்சா நாளைக்கு எல்லா அம்மாவும் வந்து நிப்பாங்க."

"பெரிய பிள்ளைங்களோட சேர்ந்து உட்கார வெச்சா, அதுங்க எல்லாம் சீக்கிரம் வயசுக்கு வந்துடும். இது மட்டும் நடுவுல சின்னப் பிள்ளையா நிக்கும். பொம்பளப் பிள்ளை வேற."

ஒவ்வொன்றுக்கும் பதில் இருக்கிறது. குழந்தை குழந்தையாக இருப்பது என்றால் கேட்பது, தேடுவது, தெரியாததைப் பார்த்து மலைப்பது. கையைக் கட்டிக்கொண்டு மணி அடிக்கக் காத்திருப்பது குழந்தைத்தனம் அல்ல. அது நாம் பெரியவர்களாகி அலுவலகங்களில் செய்வது. திணிக்கிறோம் என்பவர்கள், ஒரு குழந்தை தானாகக் கேட்ட கேள்விகளின் பட்டியலைப் படித்த பிறகும் அப்படிச் சொன்னால், படிக்கவில்லை என்று அர்த்தம். எல்லா அம்மாவும் வந்து நிற்பார்களே என்ற பயத்துக்கு என் பதில்: நிற்கட்டும். தன் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று பள்ளியிடம் கேட்க எல்லாத் தாய்மாருக்கும் உரிமை உண்டு.

கடைசிப் பதில்தான் உண்மையான பதில். ஒரு பெண் குழந்தையின் படிப்பைப் பற்றி ஐந்து நிமிடம் பேசினால் போதும், பேச்சு அவள் உடம்பில் போய் நின்றுவிடுகிறது. ஆறு வயதுப் பிள்ளை கழித்தல் கணக்குப் போடும் அறையில் அவளது பூப்பு எதற்காக வந்து உட்காருகிறது? ஒரு பையனை மேல் வகுப்புக்கு அனுப்பலாமா என்று யோசிக்கும்போது அவனுக்கு எப்போது மீசை முளைக்கும் என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை.

சமூகப் பழக்கம் கெட்டுவிடும் என்ற வாதத்துக்கு ஆய்வுலகம் எப்போதோ பதில் சொல்லிவிட்டது. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகம் 2004இல் பல பத்தாண்டு ஆய்வுகளைத் தொகுத்து ஓர் அறிக்கை வெளியிட்டது. தயாராக இருக்கும் பிள்ளையை மேலே நகர்த்துவதால் படிப்பிலும் பழகுவதிலும் கேடு வருவதில்லை என்பதே அதன் சாரம். தயாராக இருக்கும் பிள்ளை என்பதில் ஒரு நிபந்தனை அடங்கியிருக்கிறது: பிள்ளைக்கு விருப்பம் இருக்க வேண்டும். அவள் வேண்டாம் என்றால் பேச்சு அங்கேயே முடிந்தது. நான் போன ஐந்து முறையிலும் பள்ளியில் யாரும் அவளைக் கூப்பிட்டு "உனக்கு எப்படி இருக்கு?" என்று கேட்கவில்லை.

ஐந்தாவது முறை "அப்பாவைக் கூட்டிட்டு வாங்களேன்" என்றார்கள். அவர் வந்தார். என் கடிதத்தில் இருந்ததில் பாதியைத்தான் சொன்னார். மீதி அவருக்கு நினைவில்லை. "உட்காருங்க சார்" என்றார்கள். அடுத்த திங்கட்கிழமையிலிருந்து ஆறு வாரம் பரீட்சார்த்தமாகச் செய்து பார்க்கலாம் என்று முடிவானது. இரண்டாவது வாரம் என் மகள் தப்பாகப் போட்ட கணக்கு ஒன்றோடு வீட்டுக்கு வந்தாள். பள்ளிக்கூடத்தில் அவள் போட்ட முதல் தப்பு அது. அதைச் சரிசெய்ய அன்று மாலை முழுவதும் உட்கார்ந்திருந்தாள். எல்லாம் சரியாகவே போடும் பிள்ளை தப்பை அவமானம் என்று கற்றுக்கொள்கிறாள். தப்புப் போடும் அளவுக்குக் கடினமான வேலை கிடைப்பதும் படிப்பில் ஒரு பங்குதான்.

இதை வெற்றிக் கதையாகச் சொல்ல எனக்கு மனமில்லை. வீட்டுப்பாடம் பார்ப்பது அம்மா. பள்ளி வாட்ஸ்அப் குழுவில் இருப்பது அம்மாவின் எண். காய்ச்சல் என்றால் அழைப்பு வருவதும் அம்மாவுக்குத்தான். பிள்ளையைப் பற்றிய தகவல் எல்லாம் அம்மாவிடம் இருக்கிறது, முடிவு மட்டும் அப்பாவிடம் இருக்கிறது என்று பள்ளிகள் நினைக்கின்றன. ஆறு வருடம் கூடவே இருந்து ஒருத்தி பார்த்ததற்குப் பெயர் பாசம். ஆறு நிமிடம் உட்கார்ந்து ஒருவர் சொன்னதற்குப் பெயர் கருத்து. கணவர் இல்லாத பெண்ணின் பிள்ளைக்கு, கணவர் வெளிநாட்டில் இருக்கும் பெண்ணின் பிள்ளைக்கு, குடித்துவிட்டு வரும் கணவரைப் பள்ளிக்கு அழைத்துப்போக முடியாத பெண்ணின் பிள்ளைக்கு அந்த நாற்காலியில் யார் வந்து உட்காருவார்கள்?

யார் கண்ணில் படுகிறாளோ அவளுக்குத்தான் இடம். இதுதான் இந்த விஷயத்தின் மையம். 1921இல் லூயிஸ் டெர்மன் என்ற உளவியலாளர் கலிஃபோர்னியாவில் மேதைக் குழந்தைகளைத் தேடத் தொடங்கினார். எல்லாக் குழந்தைகளையும் அவர் சோதிக்கவில்லை. வகுப்பில் கெட்டிக்காரப் பிள்ளை யார் என்று ஆசிரியர்களைக் கேட்டு, அவர்கள் பெயர் சொன்னவர்களைத்தான் பெரும்பாலும் சோதித்தார். அவர் சேர்த்த கூட்டத்தில் பெண்களைவிட ஆண்களே அதிகம்.

அறுபது ஆண்டு கழித்தும் கதை மாறவில்லை. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் கமிலா பென்போவும் ஜூலியன் ஸ்டான்லியும் கணிதத் திறமையில் ஆண்களே இயல்பாக மேலானவர்கள் என்ற கருதுகோளை 1980இல் முன்வைத்தார்கள். 1983இல் ஒரு விகிதத்தையும் வெளியிட்டார்கள்: 13 வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் சாட் கணிதத் தேர்வில் 700க்கு மேல் எடுத்தவர்கள் ஒரு பெண்ணுக்கு 13 ஆண்கள். உலகம் முழுக்க அந்த எண் பரவியது. 1990களுக்குள் அதே விகிதம் ஒரு பெண்ணுக்கு ஏறக்குறைய 4 ஆண்கள் என்று இறங்கிவிட்டது. இந்த இறக்கம் அந்த அளவுக்குப் பரவவில்லை. அந்தச் சில ஆண்டுகளுக்குள் பெண்களின் மூளை மாறியிருக்க முடியாது. மாறியது அவர்களுக்குக் கிடைத்த வகுப்பு.

இதைவிடத் தெளிவான சான்று ஃபுளோரிடாவில் கிடைத்தது. அங்கே ஒரு பெரிய பள்ளி மாவட்டத்தில் ஆசிரியரோ பெற்றோரோ பரிந்துரைத்த குழந்தைகளை மட்டும் சிறப்புக் கவனத்துக்குச் சோதித்துவந்தார்கள். பிறகு இரண்டாம் வகுப்பில் இருக்கும் எல்லாக் குழந்தைகளையும் பார்ப்பது என்று மாற்றினார்கள். தகுதி மதிப்பெண்ணை ஒரு புள்ளிகூடக் குறைக்கவில்லை. டேவிட் கார்டும் லாரா ஜூலியானோவும் 2016இல் அதன் விளைவை ஆராய்ந்து எழுதினார்கள். ஏழைக் குழந்தைகள், கறுப்பினக் குழந்தைகள், ஹிஸ்பானியக் குழந்தைகள், ஆங்கிலம் வீட்டுமொழியாக இல்லாத குழந்தைகள், பெண் குழந்தைகள் ஆகிய எல்லோரும் பழைய பரிந்துரை முறையில் விடுபட்டுப் போயிருந்தார்கள். அவர்கள் அதே வகுப்பறையில்தான் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் அவர்கள் பெயரைச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

எங்கள் தெருமுனையில் இட்லிக் கடை வைத்திருக்கும் அக்காவுக்கு எட்டு வயதில் ஒரு மகள். ஆறு பேர் ஒரே நேரத்தில் சாப்பிட்டு எழுந்தால் யார் எத்தனை இட்லி, எத்தனை வடை, யாருக்கு எவ்வளவு மீதி என்று காகிதம் இல்லாமல் சொல்வாள். பள்ளியில் அவள் "கணக்கில் சுமார்." கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வியாபாரம் செய்யும் சிறார்களைப் பற்றி 2025இல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு இதையேதான் சொல்கிறது: கடையில் சிக்கலான கணக்குகளை மனத்திலேயே போடும் பிள்ளைகள், பள்ளிக்கூட வடிவத்தில் கணக்கைக் கொடுத்தால் தடுமாறுகிறார்கள். என் மகளுக்குக் கடிதம் எழுத ஓர் அம்மா இருந்தாள். அந்த அக்கா விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து மாவு ஊற்றுகிறார். பள்ளி நேரத்தில் அவரால் கடையை விட்டு நகர முடியாது. அவருடைய மகளின் அறிவைக் கண்டுபிடிப்பது யார் வேலை? பள்ளியின் வேலை. அந்த வேலையைப் பள்ளி செய்யாததால்தான் என் போன்றவர்கள் கடிதம் எழுத வேண்டியிருக்கிறது.

இடம் கேட்டு நிற்பது நமக்குப் புதிதும் அல்ல. புதுக்கோட்டையில் முத்துலட்சுமி என்ற பெண் 1902இல் தனித்தேர்வராக மெட்ரிகுலேஷன் தேறினார். வீட்டில் வைத்துச் சொல்லிக்கொடுத்துத்தான் தேற முடிந்தது. அடுத்து படிக்க ஊரில் இருந்தது மகாராஜா கல்லூரி, ஆண்கள் மட்டும் படித்த இடம். பையன்கள் மத்தியில் ஒரு பெண்ணா என்று எதிர்ப்பு கிளம்பியது. தாய் இசை வேளாளர் மரபில் வந்தவர் என்பது அந்த எதிர்ப்பைக் கூடுதல் கூர்மையாக்கியது. மன்னர் மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் உத்தரவிட்ட பிறகே சேர்க்கை நடந்தது. 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912இல் மருத்துவராக வெளியே வந்தார். பின்னாளில் சென்னை மாகாணச் சட்ட மேலவையின் முதல் பெண் உறுப்பினர் ஆனார். நாம் அந்தப் பெயரைப் பெருமையோடு சொல்கிறோம். அவருடைய தந்தை அந்தக் கல்லூரியிலேயே முதல்வர் பொறுப்பில் இருந்தவர், உத்தரவு போட்டது ஒரு ராஜா என்பதைச் சேர்த்துச் சொல்வதில்லை. அதே ஊரில் அதே வயதில் அதே அறிவோடு இருந்து, கல்லூரி முதல்வர் தந்தையும் ராஜாவின் கருணையும் இல்லாமல் போன பெண்களுக்குப் பெயரே இல்லை. கருணை இருக்கும்வரை உரிமைக்கு வேலை இல்லை என்று நினைப்பவர்கள், அந்தப் பெயரில்லாத பெண்களை ஒரு நிமிடம் எண்ணிப் பார்க்கட்டும்.

சட்டம் என்ன சொல்கிறது? 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளிக்கு வராமல் போன பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கச் சொல்கிறது. பத்து வயதுப் பிள்ளையை ஐந்து வயதுக் குழந்தைகளோடு உட்கார வைத்து அவமானப்படுத்தக் கூடாது என்பதற்காக வந்த ஏற்பாடு அது. மானத்தைக் காக்க வந்த விதி. பள்ளிகள் அதையே வேலியாக்கி, வயதுதான் வகுப்பு, வகுப்புதான் வயது என்று கறாராகப் பேசுகின்றன. அதே சட்டத்தின் 29(2) பிரிவு, பாடத்திட்டம் வகுக்கும்போது குழந்தையின் அறிவையும் உள்ளாற்றலையும் திறமையையும் வளர்ப்பதைக் கருத்தில் கொள்ளச் சொல்கிறது. உடல், மன ஆற்றல்கள் முழு அளவுக்கு வளர வேண்டும் என்கிறது. முழு அளவு என்று சட்டம் சொல்லும்போது, பக்கத்துப் பிள்ளையின் அளவு என்று பள்ளி படிக்கிறது.

செய்ய முடியாத காரியமும் இல்லை இது. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் தொடங்கி, பிறகு மாநிலம் முழுக்கப் பரவிய செயல்வழிக் கற்றலில் ஏணி இருந்தது, அட்டைகள் இருந்தன. ஒவ்வொரு குழந்தையும் தன் வேகத்தில் அடுத்த படிக்குப் போகலாம் என்பதே அதன் அடிப்படை. 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் ஒரே வகுப்புக் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைவாரியாகப் பார்க்கிறார்கள். கீழே தங்கிவிட்ட குழந்தையைக் கைதூக்கிவிட அந்த முறை வந்தது. அதை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். அப்படியானால் நிலைவாரியாகப் பார்க்க நம் ஆசிரியர்களுக்குத் தெரியும். மலரையும் தாண்டி நிற்கும் குழந்தையை மட்டும் ஏன் பார்க்கத் தெரியவில்லை? அரசு திறனாய்வுத் தேர்வு வைத்துத் திறமையைத் தேடுவது எட்டாம் வகுப்பிலும் அதற்கு மேலும்தான். ஊரகத் திறனாய்வுத் தேர்வில் மாவட்டத்துக்கு 50 மாணவியர், 50 மாணவர் என்று சமமாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் ஆறு வயதில் மறைத்துக்கொள்ளக் கற்ற அறிவைப் பதினான்கு வயதில் போய்த் தேடினால் எத்தனை பேரிடம் அது மிச்சம் இருக்கும்?

நம் பக்கத்திலிருந்தே வரும் எதிர்ப்பு ஒன்று உண்டு. அதைத்தான் நான் மதிக்கிறேன். தகுதி, திறமை என்ற சொற்களை இந்த நாட்டில் யார், யாருக்கு எதிராகப் பயன்படுத்தினார்கள் என்பது நமக்குத் தெரியும். இட ஒதுக்கீட்டை எதிர்த்தவர்களின் வாயில் புழங்கி அழுக்கேறிய சொற்கள் அவை. கெட்டிக்காரக் குழந்தை என்று தனியே ஒரு ரகத்தை ஏற்றுக்கொண்டால், அடுத்து ஏ பிரிவு, பி பிரிவு என்று வகுப்பைப் பிரிப்பார்கள், ஏ பிரிவில் யார் இருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை என்கிறார்கள் தோழர்கள். சரியான பயம். மதிப்பெண் பார்த்துப் பிரிவு பிரிக்கும் பள்ளிகளும், ஆறாம் வகுப்பிலேயே ஐஐடி ஃபவுண்டேஷன் என்று தனிக் கட்டணம் வாங்கும் பள்ளிகளும் நம் கண்முன்னே இருக்கின்றன. அங்கே திறமை என்பது கட்டணத்தின் இன்னொரு பெயர்.

நான் கேட்பது அதற்கு நேர் எதிரானது. தனிப் பள்ளி வேண்டாம். தனிப் பிரிவு வேண்டாம். ஐக்யூ சான்றிதழ் வேண்டாம். மேதை என்ற பட்டமும் வேண்டாம். அந்தப் பட்டத்தைக் குழந்தையின் நெற்றியில் ஒட்டினால் அதைக் காப்பாற்றுவதே அவள் வேலையாகிவிடும். இன்று இந்தப் பாடத்தில் இவளுக்கு என்ன தெரியும், அடுத்து என்ன தெரிய வேண்டும் என்ற கேள்வியை எல்லாக் குழந்தைகளிடமும் கேளுங்கள் என்கிறேன். அந்தக் கேள்வியைக் கேட்காதவரை லாபம் அடைவது கடிதம் எழுதத் தெரிந்த வீட்டுப் பிள்ளைகள்தான். சமத்துவத்தின் பெயரால் யாரையும் பார்க்காமல் விட்டால், ஏற்கெனவே பார்க்கப்படுகிறவர்கள் மட்டும்தான் மிஞ்சுவார்கள்.

ஆகவே, ஒவ்வொரு கல்வியாண்டின் தொடக்கத்திலும் தொடக்கப் பள்ளியின் எல்லாக் குழந்தைகளுக்கும் தமிழிலும் கணக்கிலும் என்ன தெரியும் என்று பாருங்கள். வகுப்புப் பாடத்தோடு நிறுத்தாமல், பதில் வரும்வரை மேலே கேட்டுப் பாருங்கள். எழுத்தில் மட்டும் பார்க்காமல் வாயாலும் கேளுங்கள். இட்லிக் கடைச் சிறுமி அப்போதுதான் தெரிவாள். பாடவாரியாக மேல் வகுப்பில் உட்காரும் வழியைத் திறந்துவிடுங்கள். ஆறு வாரம் கழித்துக் குழந்தையையும் வைத்துக்கொண்டு மறுபரிசீலனை செய்யுங்கள். பிடிக்கவில்லை என்றால் எந்த அவமானமும் இல்லாமல் திரும்பி வர விடுங்கள். முதல் மதிப்பெண் வாங்கிக் காட்டுவதாக அவள் யாருக்கும் வாக்குக் கொடுக்க வேண்டியதில்லை. மறுப்பதாக இருந்தால் காரணத்தை எழுத்தில் கொடுங்கள். எழுத்தில் கொடுக்க வேண்டும் என்றால், வயசுக்கு வந்துவிடுவாள் என்ற காரணத்தைப் பாதிப் பேர் எழுத மாட்டார்கள். தாய் குறித்து வைத்திருப்பதை ஆவணமாக ஏற்றுக்கொள்ளுங்கள். அப்பாவைக் கூட்டிவரச் சொல்லாதீர்கள்.

தாய்மாருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அரசுப் பள்ளிகளிலும் உதவிபெறும் பள்ளிகளிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும், குழுவில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடித்துத் திரும்பும் கூட்டமாக அதை விட்டுவைக்காதீர்கள். அடுத்த கூட்டத்தில் கழிவறையைப் பற்றியும் குடிநீரைப் பற்றியும் பேசியபின் இதையும் பேசுங்கள். உங்கள் பெண்ணுக்காக மட்டும் பேசினால் பேராசைக்காரி என்பார்கள். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கும் சேர்த்துப் பேசுங்கள், பேரைக் குறிப்பிட்டு. அப்போதும் பேராசைக்காரி என்றால், ஆமாம் என்று சொல்லுங்கள். நம் பாட்டிமாருக்குப் பள்ளிக்கூடமே பேராசையாக இருந்தது. நம் அம்மாக்களுக்குக் கல்லூரி பேராசையாக இருந்தது. பள்ளிக்குள் போய் உட்கார்ந்திருப்பதே போதும் என்று நம் மகள்களிடம் சொல்வதற்காக அவர்கள் அந்தப் பேச்சையெல்லாம் வாங்கிக்கொள்ளவில்லை.